சங்கத்துக் கணக்கும் அழித்தெழுதும் இறுவட்டும்

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தில் கணக்கு எழுதுகிற தங்கச்சி ஒருவர் கேட்டது இது. சங்கத்தில் இருப்பது வின்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கொம்பியூட்டர். அங்கத்தவர் பேரேடு, வலைக்கடன், சந்தாப் பதிவு எல்லாம் அதற்குள்தான். அலுமாரியைத் துப்புரவாக்கும்போது பிரிக்காத டிவிடி ஆர்டபிள்யூ, அதாவது அழித்துத் திரும்ப எழுதக்கூடிய வட்டு, பத்து கிடைத்திருக்கிறது. எக்ஸ்பியோடு வருகிற பேக்கப் புரோகிராமைத் திறந்தால் அது இறுவட்டு ட்ரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. ஹார்ட் டிஸ்கில் சேமித்தால் 6 ஜிபிக்கு ஒற்றைக் கோப்பாக வருகிறது, அது வட்டில் ஏறாது. "என்ன செய்யிறது அண்ணை? இந்த வட்டுகளை நம்பலாமோ, இல்லை பென்ட்ரைவே போதுமோ?"

தங்கச்சி, முதலில் சுருக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பேக்கப் புரோகிராம் பழுதில்லை, அதற்கு இறுவட்டில் எழுதத் தெரியாது, அவ்வளவுதான். கோப்பை ஹார்ட் டிஸ்கில் இறக்கிவிட்டு வேறொரு புரோகிராமால் வட்டில் எழுத வேண்டும். ஆர்டபிள்யூ வட்டைக் கிழமைக் கணக்குக்கு நம்பலாம். வருடக் கணக்கை அதில் வைக்காதீர்கள்.

என்டிபேக்கப் என்கிற அந்தப் புரோகிராம் அலுவலகங்கள் காந்த நாடாவில் பிரதி எடுத்த காலத்தில் பிறந்தது. நாடாவில் எழுதும், அல்லது பிகேஎஃப் என்று முடிகிற ஒரு கோப்பாக டிஸ்கில் எழுதும். எக்ஸ்பிக்கும் சிடி எழுதத் தெரியும், ஆனால் டிவிடி எழுதத் தெரியாது. அதனால் இம்ஜ்பேர்ன் அல்லது சிடிபேர்னர்எக்ஸ்பி இரண்டில் ஒன்றை எடுங்கள், இரண்டுமே இலவசம். வேறொரு கொம்பியூட்டரில் இறக்கிப் பென்ட்ரைவில் கொண்டுவந்து ஏற்றுங்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசொஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்களை 2014 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது, கணக்கு இருக்கிற மெஷினை இனி இன்டர்நெட்டில் கொழுவுவது நல்லதில்லை. ஏற்றும்போது ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து அடுத்ததை அமத்துங்கள். இலவசப் புரோகிராம்கள் சில, கேளாத சாமான்களையும் கூடவே இறக்கிவிடப் பார்க்கும்.

இனி அந்த 6 ஜிபி. அதில் உங்களுடைய கணக்கு எவ்வளவு என்று பார்த்தீர்களா? நீங்கள் சொல்கிற விதத்தைப் பார்த்தால் சீ ட்ரைவ் முழுவதையும் தெரிவு செய்திருக்கிறீர்கள் போலக் கிடக்கிறது. அதில் பெரும்பங்கு வின்டோஸும் புரோகிராம்களும். அவை போனால் திரும்ப ஏற்றலாம், பேரேட்டை எங்கிருந்து ஏற்றுவது? கணக்குப் புரோகிராம் தன் தரவை எந்த ஃபோல்டரில் வைக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதோடு கடிதங்கள், ஸ்கான் பண்ணின படிவங்கள், கூட்ட அறிக்கைகள். ஒரு சின்னச் சங்கத்துக்கு இவ்வளவும் சேர்ந்து சில நூறு எம்பியைத் தாண்டுவது குறைவு. அப்படியென்றால் உங்கள் பிரச்சினையில் பாதி இந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

பிகேஎஃப் கோப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வின்டோஸ் விஸ்டாவிலிருந்து இந்தப் புரோகிராமையே எடுத்துவிட்டார்கள். விஸ்டாவுக்கும் வின்டோஸ் செவனுக்கும் பழைய பிகேஎஃபைத் திறக்க மட்டும் ஒரு கருவி தனியாகத் தந்தார்கள். இன்றைக்குக் கடையில் வாங்குகிற மெஷினில் அந்தக் கோப்பைப் போட்டால் அது இன்னதென்றே அதற்குத் தெரியாது. வட்டு நல்லாக இருக்கும், உள்ளே கோப்பும் நல்லாக இருக்கும், திறக்க வழி இராது. ஆகவே என் ஆலோசனை, கணக்கு ஃபோல்டரை உள்ளபடியே வட்டில் எழுதுங்கள், இல்லையென்றால் செவன்-சிப் என்கிற, கோப்புகளைச் சுருக்கிக் கட்டுகிற புரோகிராமில் சுருட்டி எழுதுங்கள். பிகேஎஃப் வேண்டுமென்றால் அதுவும் ஒரு பக்கம் இருக்கட்டும், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அளவிலும் ஒரு சுத்துமாத்து இருக்கிறது. டிவிடி உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். அது ஆயிரம் ஆயிரமாக எண்ணின கணக்கு. வின்டோஸ் 1024 ஆக எண்ணுவதால் அதே வட்டு 4.38 ஜிபி என்றுதான் காட்டும். வின்டோஸில் 4.5 என்று தெரிகிற கோப்பு 4.7 எழுதின வட்டில் ஏறாமல் நின்றால் வட்டைத் திட்டாதீர்கள். இன்னொன்று, பென்ட்ரைவும் பழைய ட்ரைவுகளும் ஃபாட்32 என்கிற பழைய கோப்பு ஒழுங்கு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒற்றைக் கோப்பை ஏற்காது. உங்கள் ட்ரைவ் 6 ஜிபியை ஏற்றுக்கொண்டது என்றால் அது என்டிஎஃப்எஸ் என்கிற மற்ற முறையில் இருக்கிறது.

பெரிய கோப்பை செவன்-சிப்பால் துண்டு துண்டாக வெட்டவும் முடியும். டிவிடிக்கு என்று ஒரு அளவே அதில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த வழியில் விருப்பமில்லை. மூன்று வட்டில் ஒன்று கெட்டால் மற்ற இரண்டையும் வைத்துப் பெரும்பாலும் ஒன்றும் செய்ய இயலாது. வருடத்துக்கு ஒரு வட்டு, அல்லது கடனுக்கு ஒன்று பதிவுக்கு ஒன்று என்று ஒவ்வொரு வட்டும் தனியே நிற்கும்படி பிரித்தால், ஒன்று போனாலும் போனது அந்த ஒன்றுதான்.

இப்போது வட்டுக்கு வருவோம். ஒருமுறை மட்டும் எழுதும் வட்டில் ஒரு சாயப்படை இருக்கிறது. லேசர் அதைச் சுட்டுத் தழும்பு போடுகிறது, தழும்பு பிறகு மாறாது. ஆர்டபிள்யூ வட்டில் சாயம் இல்லை, உலோகக் கலவை. வெள்ளி, இன்டியம், அன்ரிமனி, தெலூரியம் கலந்தது அதிகம் பாவிக்கப்படுகிற ஒரு வகை. அதை லேசரால் உருக்கிச் சட்டென்று ஆறவிட்டால் ஒழுங்கில்லாமல் உறைந்து மங்கலாக நிற்கும். உருகாத அளவுக்குச் சூடாக்கினால் பளிங்காக ஒழுங்குபட்டு மினுங்கும். மங்கலும் மினுக்கமும்தான் உங்கள் பேரேடு. திரும்பச் சூடாக்கினால் எல்லாம் பளிங்காகி வெறும் வட்டாகிவிடும், அதுதான் அழிப்பது. ஏறக்குறைய ஆயிரம் தடவை அப்படிச் செய்யலாம் என்று செய்பவர்கள் சொல்வார்கள். என் கையில் எந்த வட்டும் அவ்வளவு தூரம் போனதில்லை. வட்டு தேயுமுன் யாராவது கீறிவிடுவார்கள்.

மினுங்குகிறது என்று சொன்னாலும் அந்த மினுக்கம் சாதாரண வட்டைவிட நல்லாய்க் குறைவு. சிடி ஆர்டபிள்யூ திருப்பி அனுப்புகிற வெளிச்சம் சாதாரண சிடியின் மூன்றிலொரு பங்குக்கும் கிட்டத்தான் வரும். அதனால்தான் தூசி படிந்த லென்ஸுள்ள பழைய ட்ரைவ்கள் ஆர்டபிள்யூவில் முதலில் தடுமாறும். சங்கத்து மெஷின் உங்கள் வட்டை வாசிக்கவில்லை என்றால் வட்டை எறியுமுன் வேறொரு ட்ரைவில் போட்டுப் பாருங்கள்.

அழித்தெழுதலாம் என்பது வசதி. ஆபத்தும் அதற்குள்தான் கிடக்கிறது. என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு கிளிநொச்சியில் ஒரு சின்னக் கொம்பியூட்டர் கடை வைத்திருந்தேன். எங்கள் வரிசைக் கடைகளுக்கு ஒரு ஜெனரேற்றர்தான் கரண்ட் தந்தது. டியூஷன் மாஸ்டர் ஒருவர் தன் கேள்வித்தாள்கள் எல்லாவற்றையும் என் மெஷினில் அடித்து வைத்திருந்தார், கிழமைக்கு ஒருமுறை ஒரே ஒரு சிடி ஆர்டபிள்யூவில் பிரதி. ஒரு பின்னேரம் வழமைபோல வட்டை அழித்தேன். புதிதாக எழுதத் தொடங்கிப் பாதியில் ஜெனரேற்றர் விக்கி விக்கி நின்றது. திரும்ப உயிர் வந்தபோது வோல்ட் எகிறி பவர் சப்ளையும் ஹார்ட் டிஸ்கும் ஒன்றாய்ப் போயின. வட்டில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இரண்டு வருடக் கேள்வித்தாள். மாஸ்டர் ஏசவில்லை. "பரவாயில்லை தம்பி, திரும்ப எழுதுவம்" என்று சொல்லி, அடுத்த நாள் ஒரு பெரிய எழுதுகொப்பியோடு வந்து கடை வாங்கிலில் குந்தினார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரு ஆர்டபிள்யூவை மட்டும் வைத்துப் பிரதி எடுப்பதை நான் யாருக்கும் விடுவதில்லை. உங்களிடம் பத்து இருக்கிறது, மூன்றை எடுங்கள். இந்தக் கிழமை முதலாவது, அடுத்த கிழமை இரண்டாவது, பிறகு மூன்றாவது, நாலாம் கிழமை திரும்ப முதலாவது. எப்போதும் மிகப் பழையதைத்தான் அழிப்பீர்கள். அழிக்கும்போது கரண்ட் போனாலும், போன கிழமையதும் அதற்கு முந்தியதும் அலுமாரியில் இருக்கும். இன்னொரு நன்மையும் உண்டு. கணக்கில் யாரோ பிழையாக ஒன்றை அழித்ததை நீங்கள் பத்து நாள் கழித்துத்தான் காண்பீர்கள். கடைசியாக எடுத்த பிரதியிலும் அந்தப் பிழை இருக்கும், மூன்றில் மிகப் பழையதில் இராது.

கரண்டைப் பற்றியும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிவிடியின் ஒரு மடங்கு வேகம் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 1.4 எம்பி. முழு வட்டை 4 மடங்கில் எழுத 14 நிமிசம், 2 மடங்கில் 28 நிமிசம். அதற்கு மேல் சரிபார்க்கிற நேரம். சங்கத்தில் யுபிஎஸ் இருந்தாலும் பழைய பற்றரி இவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்குமா என்பது சந்தேகம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அப்போது வெட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து அதைப் பார்த்துத்தான் வட்டு எழுதினோம். மழை இருட்டுகிற நேரத்தில் தொடங்காதீர்கள். உறையில் போட்டிருக்கிற வேகத்துக்கு மேலே தள்ளவும் வேண்டாம், ஆர்டபிள்யூ அதைத் தாங்காது.

புதிய வின்டோஸில் வெறும் வட்டைப் போட்டால் ஒரு கேள்வி கேட்கும், பென்ட்ரைவ் மாதிரிப் பாவிக்கப் போகிறீர்களா, பிளேயருக்கு எழுதுகிற மாதிரி எழுதப் போகிறீர்களா என்று. முதலாவது இனிப்பாக இருக்கும். கோப்பை இழுத்துப் போடலாம், ஒன்றை மட்டும் அழிக்கலாம். ஆனால் வட்டு ஒழுங்காக மூடப்படாமல் வெளியே வந்தாலோ, எழுதிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனாலோ உள்ளிருக்கிற பட்டியல் குழம்பிவிடும், பிறகு வட்டு முழுவதும் வெறுமை போலக் காட்டும். அந்த முறையில் எழுதினதைச் சில பழைய மெஷின்கள் வாசிக்கவும் மாட்டா. பிரதிக்கு இரண்டாவது வழிதான். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதி, மூடி, எடுத்துவிடுங்கள்.

எழுதி முடிந்து 'வெற்றி' என்று வந்தவுடன் வட்டை உறைக்குள் போடாதீர்கள். எழுதின புரோகிராமிலேயே எழுதினதை ஒப்பிட்டுப் பார்க்கிற வசதி இருக்கும், அந்தப் பெட்டியில் சரி போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வட்டை வேறொரு மெஷினில் போட்டு, ஒரு கோப்பை அல்ல, நாலைந்தைத் திறந்து பாருங்கள். சுருட்டி எழுதியிருந்தால் செவன்-சிப்பில் சோதிக்கிற பொத்தான் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் புரோகிராமை வேறொரு மெஷினில் ஏற்றி, வட்டில் இருக்கிற தரவை அதற்குள் விட்டு, ஒரு அங்கத்தவரின் கடன் மீதி சரியாக வருகிறதா என்று பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியைப் பிரதி என்று நான் எண்ணுவதில்லை.

வைக்கிற இடம். உங்களுக்குக் கடல் கிட்ட, உப்புக் காற்று. எங்களுக்கு இந்தப் பக்கம் தகரக் கூரைக்குக் கீழே அவிந்து போகிற வெக்கை. இரண்டும் வட்டுக்கு ஆகாது. கூரைக்குக் கிட்டவுள்ள மேல்தட்டில் வைக்காமல், இறுக்கி மூடுகிற பிளாஸ்ரிக் பெட்டியில், மருந்துப் போத்தலுக்குள் வருகிற ஈரமுறிஞ்சிப் பொட்டலம் இரண்டு போட்டு, அலுமாரியின் கீழ்த்தட்டில் நிறுத்தி வையுங்கள். கீழ்த்தட்டு என்றால் வெள்ளத்தையும் நினைக்க வேண்டும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்தபோது எத்தனை கட்டடங்களுக்குள் தண்ணீர் வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் பட்ட ஹார்ட் டிஸ்கைவிடத் தண்ணீர் பட்ட வட்டுக்குத் தப்பும் வாய்ப்பு அதிகம். சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவிட்டால் பெரும்பாலும் வாசிக்கும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

2009இல் நான் தூக்கி வந்த பைக்குள் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, அவற்றுக்கு நடுவில் ஆறு சிடி. மழையும் மணலும் பட்டவை. பிறகு வவுனியாவில் போட்டுப் பார்த்தபோது நாலு திறந்தன. திறக்காத இரண்டிலும் கீழ்ப்பக்கம் பெரிதாக ஒன்றுமில்லை, பெயர் எழுதுகிற மேல்பக்கத்தில்தான் கீறல். சிடியில் தரவுப்படை அந்த மேல்பக்கத்தோடு ஒட்டித்தான் இருக்கிறது, மேலே மெல்லிய பூச்சு மட்டும். எல்லோரும் கீழ்ப்பக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு மேல்பக்கத்தை மேசையில் தேய்க்கிறார்கள். டிவிடியில் இரண்டு பிளாஸ்ரிக் தகட்டுக்கு நடுவில் தரவு இருக்கிறது, அந்த விதத்தில் உங்கள் வட்டுகள் பரவாயில்லை. இருந்தாலும் குமிழ்முனைப் பேனாவால் எழுதாதீர்கள், கடுதாசி ஒட்டாதீர்கள். மென்முனை மார்க்கரால் நடுவளையத்தில் திகதியும் வட்டு இலக்கமும் போதும்.

ஒரு வட்டு எப்போதும் சங்கக் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். செயலாளர் வீடு, இல்லையென்றால் வவுனியாவில் யாராவது சொந்தக்காரர் வீடு. அங்கத்தவரின் அடையாள அட்டை இலக்கமெல்லாம் உள்ளே இருப்பதால், வெளியே போகிற வட்டைச் செவன்-சிப்பில் கடவுச்சொல் போட்டுச் சுருட்டுங்கள். கடவுச்சொல் உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால் நீங்கள் கலியாணம் கட்டி வெளிநாடு போகிற அன்றைக்குச் சங்கத்துக்குக் கணக்கே இல்லை. எழுதி உறையிட்டுத் தலைவரிடம் கொடுங்கள்.

வருடக் கணக்கு வேறு. கணக்காய்வு முடிந்து கையெழுத்து வைத்த கணக்கை இனி யாரும் மாற்றக் கூடாது. அதை ஏன் அழிக்கக்கூடிய வட்டில் வைக்க வேண்டும்? ஒருமுறை எழுதும் டிவிடி ஆர் இரண்டு வாங்கி, முடிந்தால் வெவ்வேறு கம்பனியினதாகப் பார்த்து, இரண்டிலும் எழுதுங்கள். சாயப்படைக்கு வெயில் பகை, வெளிச்சத்தில் விடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிய வட்டுக்கு மாற்றிவிடுவது என் பழக்கம். கல்லில் பொறித்த மாதிரி நிற்கும் என்று விளம்பரப்படுத்தின எம்-டிஸ்க் என்று ஒரு வகையும் உண்டு. அதற்கு அதை எழுதத் தெரிந்த ட்ரைவ் வேண்டும், எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் கண்டதில்லை.

பென்ட்ரைவே போதுமா என்று கேட்டீர்கள். தினமும் எடுக்கிற பிரதிக்குப் பென்ட்ரைவ்தான் சுகம், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கடைக்குக் கடை, மெஷினுக்கு மெஷின் போய் வைரஸ் கொண்டு வருகிற சாமான். ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறி நிற்க, அழுதபடி கடைக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர். மூடி எடுத்துப் பெட்டிக்குள் வைத்த வட்டை வைரஸும் தொடாது, வோல்ட் எகிறினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. வட்டின் உண்மையான குறை வேறு. எழுதுகிற ட்ரைவ்கள் குறைந்துகொண்டு வருகின்றன, புதிய மடிக்கணினிகளில் அந்தத் தட்டே இல்லை. எழுதக்கூடிய புளூ-ரே வட்டு செய்வதை சோனி 2025 பெப்ரவரியோடு நிறுத்திவிட்டது. ஆகவே யுஎஸ்பியில் கொழுவுகிற டிவிடி ட்ரைவ் ஒன்றைச் சங்கச் செலவில் இப்போதே வாங்கிப் பெட்டியோடு வைத்துவிடுங்கள். வருடக் கணக்கின் மூன்றாவது பிரதி ஒன்று வெளிப்புற ஹார்ட் டிஸ்கிலும் இருக்கட்டும்.

கடைசியாக, வாசிக்காமல் போகிற வட்டுகள். எங்கள் பக்கம் அவை நேராக வயலுக்குப் போகும். கயிற்றில் கட்டிவிட்டால் வெயிலில் மினுங்கிக் குருவிகளை விரட்டும், மயில் இரண்டு நாளில் பழகிவிடும். சங்கத்து வட்டை அப்படிக் கட்டுமுன் யோசியுங்கள். விரைவாக அழிக்கிற முறை வட்டின் தொடக்கப் பட்டியலை மட்டும்தான் துடைக்கிறது, பேரேடு அப்படியே உள்ளே கிடக்கும். முழுமையாக அழிக்கிற முறையைத் தெரிவு செய்யுங்கள், நேரம் எடுக்கும். ட்ரைவ் வட்டை ஏற்கவே மறுத்தால் கத்தரிக்கோலால் நாலாக வெட்டிவிடுங்கள், கண்ணில் தெறிக்காமல் ஒரு துணிக்குள் சுற்றிக்கொண்டு. இந்த ஞாயிற்றுக்கிழமை முதலாவது வட்டை எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறது, திரையில் என்ன வாசகம் வருகிறது என்று எழுத்துப் பிசகாமல் குறித்துச் சொன்னால் மிச்சத்தைப் பார்ப்போம்.